சும்மா இருக்கும் விரல்

அனைவருக்கும் வணக்கம்.

பேச வருவதற்கு முன்னால், மேடைக்குப் பின்புறம் உட்கார்ந்து மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது கனத்த சத்தம் தருகிற பக்கத்தில், ரவையைப் பிசைந்து அப்பிவிட்டு வந்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் கொஞ்சம் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். ரவையில் ஈரம் இருக்கிறவரைதான் தொப்பி 'தொம்' என்று பேசும். காய்ந்துவிட்டால் சுருதி ஏறிக் கட்டையாகச் சத்தம் போடும். அதனால் இன்றைக்கு என் பேச்சுக்குக் கடிகாரம் அந்த ரவைதான். நான் நீட்டி முழக்கினால் நஷ்டம் எனக்கே.

'என் இசையின் வேர்களும் நான் கற்றதும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் வித்வான்கள் யாரும் கிடையாது. அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவருக்கு சங்கீதத்தில் இருந்த ஒரே சம்பந்தம், வானொலியில் கச்சேரி நடக்கும்போது தொடையில் தாளம் போடுவார், அதுவும் நடுவில் விட்டுவிடுவார். ஆகவே பரம்பரை, வாரிசு என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. ஒரே ஒரு அடியைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பது வருஷமாக அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மிருதங்கத்தில் முதல் பாடம் என்னவென்று இங்கே வந்திருக்கும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். த, தி, தொம், நம். நாலு சொல். இதில் த, தி, தொம் மூன்றும் ஒரு வாரத்தில் ஓரளவுக்கு வந்துவிடும். 'நம்' வராது. சுட்டுவிரல் வலந்தலையின், அதாவது தொப்பிக்கு எதிர்ப்பக்கத்தின், ஓரத்தோல் வளையமான மீட்டில் அடிக்க வேண்டும். அதே நேரத்தில் மோதிர விரல் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டமான கரணையின் விளிம்பில் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அழுத்தினால் சத்தம் செத்துவிடும். எடுத்துவிட்டால் சத்தம் சிதறும். என் முதல் குருநாதர் சொன்னது இவ்வளவுதான்: "அந்த விரல் சும்மா இருக்கணும்." ஏன் சும்மா இருக்கணும் என்று கேட்டேன். "வை" என்றார். பாடம் முடிந்தது.

எனக்கு அது வரவில்லை. இரண்டு வருஷம் வரவில்லை. காரணம் எளிமையானது. நான் இடக்கைக்காரன். பல்பம் பிடித்ததும், பந்து எறிந்ததும், அடிதடி போட்டதும் இடக்கையால்தான். ஆனால் மிருதங்கத்தை மட்டும் வலக்கையால் வாசிக்க வைத்தார்கள். குருநாதர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். இடக்கையால் வாசித்தால் நாளைக்கு மேடையில் எவன் உட்கார வைப்பான் என்பது அவர் கவலை. அந்தக் கவலை நியாயமானது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் வேறு ஊருக்கு மாற்றலாகி, இரண்டாவது குருநாதரிடம் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து மிருதங்கத்தைத் திருப்பி வைத்தார். வலந்தலை இடக்கைப் பக்கம் வந்துவிட்டது. "இப்போ வாசி. மறுபடி முதல்லேருந்து." இரண்டு வருஷப் பாடம் போயிற்று. த, தி, தொம், நம். இந்த முறை பத்தாவது நாள் 'நம்' வந்தது. அழுதேன் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். உண்மையில் பசி, வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அன்றைக்கு அவர் சொன்ன ஒரு பெயர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. "அவரும் உன்னை மாதிரிதான். கேட்டுப் பார்." 1908-இல் பிறந்து 1962-இல் மறைந்தவர். பாலக்காடு மணி ஐயர், பழனி, இராமநாதபுரம் முருகபூபதி, இந்த மூன்று பேரையும் மிருதங்கத்தின் மும்மூர்த்திகள் என்பார்கள். மூவரில் பழனி இடக்கைக்காரர். நான் விவரம் தெரிந்து கேட்கும் வயதுக்கு வந்தபோது அவர் இல்லை. ஒலிநாடாவில்தான் கேட்டேன். நாடா தேயத் தேயக் கேட்டேன்.

இடக்கைக்காரர்களுக்கு மேடையில் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகரின் வலது பக்கம் உட்காருவார், வயலின்காரர் இடது பக்கம். அப்படி உட்கார்ந்தால் வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். அதே இடத்தில் இடக்கைக்காரன் உட்கார்ந்தால் வலந்தலை பின்சுவரைப் பார்க்கும், தொப்பி சபையைப் பார்க்கும். சரி செய்ய வேண்டுமானால் வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். எல்லோரும் மாறுவார்களா? பழனிக்கே இந்தக் கஷ்டம் இருந்தது. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் மாதிரி பெரிய மனிதர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். ஒரு கலைஞனுக்குக் கை நன்றாக இருந்தால் போதாது, அவனுக்காக நாற்காலியை நகர்த்தச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். இதை நாம் அதிகம் பேசுவதில்லை.

எனக்கு அப்படி ஆள் யாரும் இல்லாத காலத்தில், ஒரு கச்சேரியில் வயலின் வித்வான் நகர மாட்டேன் என்றுவிட்டார். பெயர் எதற்கு, விடுங்கள். இரண்டரை மணி நேரம் பின்சுவருக்கு வாசித்தேன். என் 'நம்' எல்லாம் திரைச்சீலைக்குத்தான் கேட்டது. சபைக்குத் தொப்பி மட்டும்தான் கேட்டது. முதல் அரை மணி நேரம் மனசுக்குள் கறுவிக்கொண்டே வாசித்தேன். அப்புறம் ஒரு யோசனை. தொப்பிதானே கேட்கிறது, அதையே பேச வைத்தால் என்ன? அன்றைக்குத்தான் கும்கியை ஒழுங்காகக் கவனித்தேன். கும்கி என்றால் தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தும்போது ஒரு குழைவான ஒலி கிளம்புமே, அது. பழனி வழி வாசிப்பில் அதற்குத் தனி இடம் உண்டு. நாடாவில் நூறு தடவை கேட்டும் காதில் ஏறாதது, கோபத்தில் ஒரே நாளில் ஏறிற்று. அந்த வயலின் வித்வானுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவருக்கு இது தெரியாது.

பழனியைத் துருவிக்கொண்டு போனால் தவிலில் போய் முட்டும். அவருடைய தந்தை பழனி முத்தையா பிள்ளை தவில்காரர். பழனி வாசித்த வழியைப் புதுக்கோட்டை வழி என்று சொல்கிறோமே, அதன் மூலவர் மான்பூண்டியா பிள்ளை. கையில் பிடித்து வாசிக்கிற கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றி உட்கார வைத்தவர் அவர். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரிய கை. இந்த வழியில் தாளக் கணக்கு பலமாக இருக்கும். அந்தக் கணக்கு பெரும்பாலும் தவிலிலிருந்து வந்தது. நமக்கு மிருதங்கத்தை ஒரு உயரத்திலும் தவிலைக் கொஞ்சம் கீழேயும் வைத்துப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. ராஜபாட்டையாகப் போகிற தாளக் கோர்வைகளில் பாதி தவில்காரர்கள் வீதியுலாவில் விடிய விடிய வாசித்து உருவாக்கியவை என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம்.

நான் திருவிழாக்களில் தவில்காரர்களுக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். ஒரு கையில் விரல்களுக்குக் கூடு போட்டுக்கொண்டு, மறு கையில் கழியைப் பிடித்துக்கொண்டு, தோளில் அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு நின்றபடியே வாசிப்பார்கள். நாம் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, ஃபிளாஸ்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துவிட்டு, கை வலிக்கிறது என்கிறோம். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலைக் கேட்டவர்கள் இந்தச் சபையில் ஒருவரிருவராவது இருப்பீர்கள். 1975-இல் போய்விட்டார். அந்தப் பதிவுகளைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் நான் மிருதங்கத்தைத் தொடவில்லை. தொட்டு என்ன செய்ய என்று இருந்தது.

இன்னொரு ஊற்று, அருணகிரிநாதரின் திருப்புகழ். பக்திக்காக மட்டும் இல்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தம் 'தத்தத்தன தத்தத் தனதன'. எண்ணிப் பாருங்கள். முதல் துண்டில் ஆறு மாத்திரை, அடுத்ததில் எட்டு. மொத்தம் பதினாலு. பாதியாக்கினால் மூன்றும் நாலும் ஏழு. ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எனக்கு மிஸ்ரம் பழகினது தாளப் புத்தகத்தில் இல்லை, இந்த வரியில்தான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது முதல் முறையாக என் படிப்பில் அவருக்கு அக்கறை வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். 'சும்மா இரு' என்ற உபதேசத்தைப் பாட்டில் எழுதி வைத்தவரும் அதே அருணகிரிதான். எழுதிவிட்டு அவர் சும்மா இருந்தாரா? இத்தனை சந்தங்களைக் கொட்டியிருக்கிறார். என் குருநாதர் சொன்ன சும்மாவும் இந்த மாதிரி சும்மாதானோ என்னவோ.

இனி ஒரு அவமானத்தைச் சொல்ல வேண்டும். முப்பத்துமூன்று வயது. கச்சேரிகள் நிறைய வந்துகொண்டிருந்த நேரம். பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் பேசுகிற தனி ஆவர்த்தனத்தில் கைதட்டல் வாங்குவது எப்படி என்று நன்றாகத் தெரிந்துவிட்டிருந்தது. ஒரு மூத்த பாடகருக்கு வாசித்தேன். சௌக்க காலத்தில் ஒரு கீர்த்தனை, நிதானமாக நகர்கிறது. எனக்கு இடைவெளி தாங்கவில்லை. ஒவ்வொரு அட்சரத்துக்கும் நடுவே நாலு, எட்டு என்று போட்டு நிரப்பினேன். கச்சேரி முடிந்ததும் காபி சாப்பிடும்போது அவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அந்தச் சரணத்துல நான் என்ன பாடினேன்?" எனக்குத் தெரியவில்லை. ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. சங்கதி தெரியும், எடுப்பு தெரியும், தாளம் தெரியும். பாட்டு தெரியாது. அவர் கோபப்படவில்லை. "சர்க்கரை போதுமா?" என்று கேட்டார். அது இன்னும் மோசம்.

அடுத்த மாதம் ஒரு பாட்டு வகுப்பில் சேர்ந்தேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஒன்பது, பத்து வயது. நான் கடைசி வரிசையில் சரளி வரிசை பாடினேன். என் குரலைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. மூன்று வருஷம் போனேன். பாட வரவில்லை, கேட்க வந்தது. பாலக்காடு மணி ஐயர் வாசித்த பழைய பதிவுகள் அதுவரைக்கும் எனக்கு வேகமாகவும் பிரம்மாண்டமாகவும் மட்டும் தெரிந்தன. அதற்கப்புறம் கேட்டால், பாட்டின் வார்த்தை எங்கே மேலேறுகிறது, எங்கே மூச்சு விடுகிறது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. இத்தனை காலம் அதைத் தாண்டிக் கணக்கை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவர் ஒரு கட்டத்தில் மைக் இல்லாமல்தான் வாசிப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். பிடிவாதக்காரர் என்று அப்போது பலரும் பேசினார்கள். எனக்கு இப்போது அது நியாயமாகத்தான் படுகிறது. மைக் வந்ததும் முதலில் காணாமல் போனது மெதுவாக வாசிக்கிற தைரியம்.

அந்தப் பாட்டு வகுப்புக் காலத்தில்தான் ஒரு தமிழ் வாத்தியார் எனக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்துக் காட்டினார். மாதவி ஆடப்போகும் அரங்கத்தில் ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் என்ன தகுதி வேண்டும் என்று இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். அதில் தண்ணுமை வாசிக்கிறவனும் உண்டு. அவனுக்குச் சொன்ன தகுதிகளில் ஒன்று 'ஆக்கலும் அடக்கலும்' மிகாமல் செய்வது. மற்றக் கருவிகளில் எங்கே குறைகிறதோ அங்கே நிரப்புவது ஆக்கல். எங்கே மிகுகிறதோ அங்கே தணிப்பது அடக்கல். இரண்டிலும் அளவு மீறக் கூடாது. பாருங்கள், எவ்வளவு வேகமாக வாசிப்பான் என்று கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அந்த மூத்த பாடகர் சர்க்கரை போட்டுக் கேட்டதை இளங்கோவடிகள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்.

வாத்தியம் செய்கிறவர்களிடம் கற்றதைச் சொல்லாமல் போனால் பாதி சொன்ன மாதிரி. கட்டை பலாமரம், பண்ருட்டிப் பலாவுக்குப் பெயர் அதிகம். வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஆடு, மாடு, எருமை என்று வேறு வேறு தோல். இழுத்துக் கட்டுகிற வாரும் தோல்தான். கரணை என்பது கிட்டான் கல்லைப் பொடி செய்து சோற்றோடு பிசைந்து, ஒரு பூச்சு வைத்து, கல்லால் தேய்த்து, மறுபடி ஒரு பூச்சு, மறுபடி தேய்ப்பு என்று பொறுமையாக ஏற்றுவது. ஒவ்வொரு பூச்சுக்கும் காதை வைத்துக் கேட்பார்கள். என் மிருதங்கத்துக்கு மூட்டு, அதாவது தோல் முகப்பு, மாற்றித் தருகிற ஒரு பெரியவர் தஞ்சாவூரில் இருந்தார். ஒரு தடவை 'நம்' சரியாக இல்லை, கரணை கோளாறு என்று கொண்டுபோய் இறக்கினேன். அவர் சுட்டுவிரலால் ஒரு தட்டு தட்டினார். மணி மாதிரி கேட்டது. "தோல் நல்லாத்தான் இருக்கு" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை, என் கையைப் பார்த்தார்.

மணி ஐயருக்கு வாத்தியம் செய்த பர்லாந்து என்பவரின் பெயர் இப்போதுதான் கொஞ்சம் வெளியில் கேட்கிறது. இருவரும் வருஷக்கணக்காகச் சேர்ந்து தோலையும் கரணையையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒலி மணி ஐயருடையது என்று நாம் சொல்கிறோம். பாதி பர்லாந்துவினுடையது. தோலைத் தொடுகிற கை யாருடையது என்பதற்காக அந்தப் பாதியை மேடைக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். நானும் வெகுகாலம் அந்தத் தஞ்சாவூர்ப் பெரியவரின் வாசலில் நின்றுதான் பேசினேன். உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு நாற்பது வயது ஆயிற்று.

உட்கார்ந்தபோதுதான் பழைய கேள்வியைக் கேட்டேன். மோதிர விரல் ஏன் சும்மா இருக்கணும்? அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் செய்து காட்டினார். விரலை எடுத்து ஒரு தட்டு, வைத்து ஒரு தட்டு. "இது வேற சுரம், கேளு." அதை விளக்கியது சர் சி. வி. ராமன். என் கச்சேரிகளுக்கு வருகிற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் அதை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். 1920-இல் ராமன் நேச்சர் இதழில் நம் மத்தளங்களைப் பற்றி எழுதியிருக்கிறார், 1934-இல் இன்னும் விரிவாக. நோபல் பரிசு கிடைத்த பிறகும் மனிதர் மிருதங்கத்தை விடவில்லை.

விஷயம் இதுதான். சாதாரணமாக ஒரு வட்டத் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், அடிப்படை ஒலி ஒன்று என்றால் அடுத்து எழுவது ஏறத்தாழ 1.59, அதற்கடுத்தது 2.14. ஒன்றோடொன்று சேராது. அதனால்தான் வெறும் தோலில் இரைச்சல் கேட்கும், சுரம் கேட்காது. நடுவில் கரணையின் கனத்தை ஏற்றியதும் அந்த எண்கள் நகர்ந்து 1, 2, 3, 4, 5 என்று வந்து உட்காருகின்றன. தம்புரா தந்தியில் இருப்பது போல. ராமன் இந்த ஐந்தையும் எடுத்துக் காட்டினார். அப்புறம் மோதிர விரல். அது தொட்ட இடத்திலும், அங்கிருந்து நடு வழியாகக் குறுக்கே போகிற ஒரு கோட்டிலும் தோல் அசையாது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏறும்போது அந்தப் பக்கம் இறங்கும். அடிப்படை ஒலி அமுங்கிவிடும், இரண்டாவது மேலே வரும். நாம் 'நம்' என்று கேட்பது அதைத்தான். சுட்டுவிரல் எழுப்புகிறது, மோதிர விரல் எது எழக் கூடாது என்று தீர்மானிக்கிறது. ஆக்கலும் அடக்கலும் ஒரே கையில், ஒரே அடியில். இளங்கோவடிகள் நினைத்தது இது இல்லை என்று தமிழ் படித்தவர்கள் சண்டைக்கு வருவீர்கள். வாருங்கள், காபி தருகிறேன்.

இத்தனையும் தெரிந்த பிறகாவது 'நம்' கைக்குள் வந்துவிட்டதா என்றால், போன வருஷம் ஒரு சம்பவம். என்னிடம் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று படிக்கிறது. விரலை வைக்க வேண்டிய இடத்தைக் கரணையில் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளி வைத்துக் காட்டினேன், முப்பது வருஷமாக எல்லோருக்கும் காட்டுகிற அதே புள்ளி. அவளுக்கு வரவில்லை. நான் தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்பி வந்தால் சுத்தமான 'நம்' கேட்கிறது. புள்ளியை விட்டு விரலை நகர்த்தி வைத்திருக்கிறாள். "அங்கே வெச்சா என் விரல் எட்டல சார், இழுத்துக்குது, அழுத்திடறேன்." அவள் கை சின்னது. நான் என் கையின் அளவை எல்லோருக்கும் புள்ளியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வலக்கையால் வாசி என்று என்னை உட்கார வைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் நாலு குருமார்களிடம் கற்றவர்: ஆறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார். சிறுவயதில் இதைக் கேட்டபோது ஒருவரிடம் கற்றால் போதாதா என்று தோன்றிற்று. இப்போது என் பட்டியலை எண்ணிப் பார்த்தால் அவரைத் தாண்டிவிட்டேன். குருநாதர்கள் இருவர், நகராத வயலின்காரர், சர்க்கரை கேட்ட பாடகர், மூட்டு மாற்றித் தந்த பெரியவர், அந்தக் குழந்தை. கடைசி ஆள் இன்னும் எனக்கு மாதாமாதம் கட்டணம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அது வேறு விஷயம்.

சரி, உள்ளேயிருந்து கையைக் காட்டுகிறார்கள். ரவையைத் தொட்டுப் பார்த்தார்களாம், ஈரம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். தம்புராவைப் போடச் சொல்லுங்கள். மைக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், இன்னும் கொஞ்சம். அப்புறம், விரிப்பை வழக்கமான பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். யாராவது இரண்டு பேர் வந்து அதை எடுத்து அந்தப் பக்கம் போடுங்கள்.